கோல்ப் வீரரின் புள்ளிக் கணக்கும் நமது கடன் கொப்பியும்

வியாபாரப் பக்கத்தில் கோல்ப் விளையாட்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். லிந்துலையில் கடை வைத்திருக்கும் எனக்கும் அந்த விளையாட்டுக்கும் இருந்த ஒரே தொடர்பு, நுவரெலியாவுக்குச் சரக்கெடுக்கப் போகும்போது பஸ் யன்னலால் தெரியும் பச்சைப் புல்தரைதான். கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே, 1889ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மைதானம் அது. வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஊர் ஞாபகத்துக்கு அமைத்துக் கொண்டது. அதன் வேலியைக் கடந்து நான் ஒரு நாளும் உள்ளே போனதில்லை. நம்மில் பலரும் போயிருக்க மாட்டோம்.

ஆனால் அந்த விளையாட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. உலகத்திலுள்ள தொழில்முறை ஆண் கோல்ப் வீரர்களில் யார் முதலாவது, யார் ஐம்பதாவது, யார் ஆயிரமாவது என்று ஒவ்வொரு கிழமையும் போடப்படும் கணக்கு. அதை யாராவது எனக்கு ஐந்து வருடங்களுக்கு முன்பே சொல்லித் தந்திருந்தால் எனக்கு ஆறு இலட்சத்து எண்பதாயிரம் ரூபா மிஞ்சியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஓர் இளைஞன் சொன்ன கணக்கு

2023ஆம் ஆண்டு ஏப்ரல் சீசன் முடிந்த நேரம். எங்கள் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த ஓர் இளைஞன் கடைக்கு வந்தான். சீசன் காலத்தில் நுவரெலியா மைதானத்துக்குப் போய், விளையாட வருபவர்களின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பது அவனது வேலை. வீட்டுக்குச் சாமான் வாங்கிவிட்டுப் பழைய பாக்கியையும் தீர்த்தான். பேச்சுவாக்கில், "உலகத்திலேயே பெரிய ஆள் யார் தம்பி, நிறையக் கப் எடுத்தவரா, நிறையக் காசு எடுத்தவரா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் இல்ல முதலாளி. ரெண்டு வருசத்துல அவர் ஆடுன ஆட்டத்துக்கு சராசரி போடுவாங்க. பழைய வெற்றிக்குக் கிழமைக்குக் கிழமை புள்ளி கொறஞ்சிக்கிட்டே வரும். போன வருசம் ஜெயிச்சேன்னு சொல்லிக்கிட்டு சும்மா இருக்க முடியாது" என்றான்.

அந்தப் பதில் என்னைக் குத்தியது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதை விளங்கிக் கொள்வோம்.

தரவரிசை பிறந்த கதை

1980கள் வரை கோல்ப் உலகம் தனித்தனிச் சந்தைகளாகப் பிரிந்து கிடந்தது. அமெரிக்கர்களுக்கு ஒரு சுற்றுத்தொடர், ஐரோப்பியர்களுக்கு வேறொன்று, ஜப்பானுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் வேறு. ஒவ்வொரு சந்தையும் தன்னுடைய வீரரே பெரியவர் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பெரிய போட்டிகளை நடத்துபவர்களுக்கு யாரை அழைப்பது, யாரை விடுவது என்பது தீராத தலையிடி.

மார்க் மெக்கோமக் என்ற அமெரிக்கர், விளையாட்டு வீரர்களின் வியாபாரப் பிரதிநிதியாக இருந்து பெரிய நிறுவனம் கட்டியவர். அவர் 1968 முதல் தனது ஆண்டுப் புத்தகத்தில் உலக வீரர்களை வரிசைப்படுத்தி வெளியிட்டு வந்தார். அது உத்தியோகபூர்வமானதல்ல. பிரித்தானிய ஓப்பன் போட்டியை நடத்தும் அமைப்பின் ஆதரவுடன் 1986 ஏப்ரலில் முறையான உலகத் தரவரிசை ஆரம்பமானது. அப்போது அதற்கு சோனி தரவரிசை என்று பெயர். முதல் பட்டியலில் ஜெர்மனியின் பெர்னார்ட் லாங்கர் முதலிடம், ஸ்பெயினின் செவ் பலெஸ்ட்ரோஸ் இரண்டாமிடம், ஸ்கொட்லாந்தின் சாண்டி லைல் மூன்றாமிடம். கோல்ப் என்றாலே அமெரிக்கா என்றிருந்த காலத்தில் முதல் மூவரும் ஐரோப்பியர்கள்! பெயரை வைத்து எடைபோட்டால் ஒரு முடிவு வரும், கணக்கை வைத்து எடைபோட்டால் வேறொரு முடிவு வரும் என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது.

அந்தப் பட்டியலில் இடம் பிடிப்பது வெறும் கௌரவம் மட்டுமல்ல. ஆண்டு முடிவில் முதல் ஐம்பதுக்குள் இருப்பவருக்கு அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியிலிருந்து அழைப்பு வரும். இந்தியாவின் ஜீவ் மில்கா சிங் 2006 முடிவில் ஐம்பதுக்குள் வந்தார். அடுத்த வருடம் மாஸ்டர்ஸில் ஆடிய முதல் இந்தியர் என்ற பெயரைப் பெற்றார். ஐம்பத்தொன்றாவது ஆளாக இருந்தால் வேறு வாசல்களைத்தான் தட்ட வேண்டும்.

மொத்தம் அல்ல, சராசரி

தொடக்கத்தில் வீரர் சேர்த்த மொத்தப் புள்ளியைத்தான் பார்த்தார்கள். அதில் ஒரு கோளாறு. ஓய்வில்லாமல் எல்லாப் போட்டிக்கும் போகிறவர் சுமாராக ஆடினாலும் மேலே வந்துவிடுவார். ஆகவே 1989இல் சராசரிக்கு மாறினார்கள். புள்ளிகளைக் கூட்டி, ஆடிய போட்டிகளின் எண்ணிக்கையால் வகுப்பது.

சராசரியிலும் ஓட்டை உண்டு என்பது கணக்குத் தெரிந்த வியாபாரிகளுக்கு உடனே விளங்கும். ஒருவர் ஒரே ஒரு போட்டியில் ஆடி வென்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் அவர் சராசரி வானத்தைத் தொடும். அதற்காகக் குறைந்தபட்ச வகுஎண் ஒன்றை வைத்தார்கள். இப்போதைய முறையில் அது 40. இரண்டு வருடத்தில் 20 போட்டிதான் ஆடியிருந்தாலும் 40 என்றே வகுப்பார்கள். மறுபக்கம், அதிகம் ஆடுகிறவருக்கு அநியாயம் நடக்காமல் கடைசி 52 போட்டிகளை மட்டுமே எடுப்பார்கள்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 50 போட்டிகளில் 100 புள்ளி எடுத்தால் சராசரி 2. இன்னொருவர் 40 போட்டிகளில் 90 புள்ளி எடுத்தால் சராசரி 2.25. மொத்தத்தில் பின்தங்கியவர் தரவரிசையில் முன்னால் நிற்பார். மூன்றாமவர் 20 போட்டிகளில் 60 புள்ளி எடுத்திருக்கிறார். சாதாரணமாக வகுத்தால் 3 வரும், அவரே முதலாவது. ஆனால் 40ஆல் வகுக்கும்போது 1.5தான், கடைசிக்குப் போய்விடுகிறார். திறமை இருக்கலாம், ஆனால் அதை நிரூபிக்கப் போதிய தடவை களத்துக்கு வரவில்லை என்பது அதன் கருத்து.

நமது பகுதியில் இது புதிய விடயம் அல்ல. 1883இல் ஆரம்பித்த கொழும்புத் தேயிலை ஏலத்தில் ஒரு தொழிற்சாலையின் பெயரை உயர்த்துவது அது அனுப்பிய பெட்டிகளின் எண்ணிக்கை அல்ல, கிலோவுக்குக் கிடைத்த சராசரி விலை. நிறைய அனுப்பி மலிவாக விற்ற தொழிற்சாலையைவிட, அளவாக அனுப்பி நல்ல விலை எடுத்த தொழிற்சாலையின் பெயர்தான் வாங்குபவர்கள் மத்தியில் எடுபடும். தோட்டத்து டீமேக்கரிடம் கேட்டால் இதை நம்மைவிட நன்றாகச் சொல்வார்.

பழைய வெற்றிக்கு வயதுண்டு

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு போட்டியில் கிடைத்த புள்ளிக்கு முதல் 13 கிழமைகள் முழுப் பெறுமதி. அதன் பிறகு 91 கிழமைகளில் சம அளவில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்து, இரண்டு வருடம் முடியும்போது ஒன்றுமில்லாமல் போகும். இன்று 24 புள்ளி பெறுமதியான வெற்றி, ஒரு வருடமும் ஒன்றரை மாதமும் கழிந்ததும் 12 புள்ளியாகிவிடும். வீரர் எந்தப் பிழையும் செய்யத் தேவையில்லை. காலம் போனாலே போதும்.

இதற்கு டைகர் வூட்ஸைவிட நல்ல உதாரணம் கிடையாது. மொத்தம் 683 கிழமைகள் உலகில் முதலிடத்தில் இருந்தவர். 2005 ஜூன் முதல் 2010 ஒக்டோபர் வரை 281 கிழமைகள் தொடர்ந்து அந்த இடத்தை விடவேயில்லை. பின்னர் முதுகு வலியும் சத்திர சிகிச்சைகளும் வந்து ஆட முடியாமல் போனது. 2017 நவம்பர் இறுதியில் அவருடைய இடம் 1,199. உலகமே அறிந்த பெயர், ஆனால் கணக்கில் ஆயிரத்துக்கும் கீழே! கணக்கு அவரது பழைய புகழுக்கு ஒரு புள்ளிகூடக் கடன் கொடுக்கவில்லை. அதே கணக்கு அவர் திரும்பி வருவதைத் தடுக்கவும் இல்லை. 2019 ஏப்ரலில் மாஸ்டர்ஸ் போட்டியை வென்று உலகில் ஆறாம் இடத்துக்கு வந்தார்.

எந்தச் சந்தையில் வென்றார்?

எல்லா வெற்றிக்கும் ஒரே புள்ளி இல்லை. நான்கு பெரிய போட்டிகளில் வென்றால் 100 புள்ளி என்பது நிர்ணயமானது. மற்றப் போட்டிகளில் எதிரே நின்றவர்களின் பலத்தை வைத்துத்தான் புள்ளி. முன்பு ஒவ்வொரு சுற்றுத்தொடருக்கும் இவ்வளவு என்று குறைந்தபட்ச உத்தரவாதம் இருந்தது. 2022 ஓகஸ்ட்டில் புதிய முறை வந்ததும் அந்த உத்தரவாதம் எடுக்கப்பட்டது. களத்தில் நிற்கும் ஒவ்வொரு வீரரின் ஆட்டத்தையும் அளந்து அந்தப் போட்டியின் பெறுமதியைத் தீர்மானிக்கிறார்கள். இதனால் ஜப்பான், ஆசியச் சுற்றுகளில் வெல்பவருக்குக் கிடைத்த புள்ளிகள் குறைந்தன. சிறிய சந்தையில் இருப்பவர்களுக்கு இது அநியாயம் என்ற குறையும் எழுந்தது.

இலங்கை வீரர்கள் இந்தச் சிறிய சந்தையில்தான் நிற்கிறார்கள். மிதுன் பெரேரா, அநுர ரோஹண, என். தங்கராஜா, கே. பிரபாகரன் போன்றவர்கள் 2006இல் ஆரம்பித்த இந்தியத் தொழில்முறைச் சுற்றில் ஆடி வந்தவர்கள். அந்தச் சுற்றின் போட்டிகள் கொழும்பு ரோயல் கோல்ப் மைதானத்திலும் நடந்திருக்கின்றன. களனிவெளி ரயில் பாதை ஊடறுத்துப் போகும் மைதானம் அது. நமது மலையகத்தில் கேட்டுப் பழகிய பெயர்களைப் போன்ற பெயர்கள் அந்தப் பட்டியலில் இருப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சிறிய சந்தையில் இருப்பவர் மேலே வர வழியே இல்லையா என்றால், உண்டு. வங்காளதேசத்தின் சித்திகுர் ரஹ்மானைப் பாருங்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. டாக்கா குர்மிடோலா மைதானத்தில் பந்து பொறுக்கும் பையனாகத் தொடங்கியவர். 2010இல் புரூணை ஓப்பனையும் 2013இல் டில்லியில் இந்திய ஓப்பனையும் வென்றார். 2016 மே மாதம் மொரீஷியஸில் ஒரு போட்டி. ஐரோப்பா, ஆசியா, தென்னாபிரிக்கா ஆகிய மூன்று சுற்றுகளும் சேர்ந்து நடத்தியதால் எதிரே நின்றவர்கள் பலமானவர்கள். கடைசி நேரம் வரை முன்னிலையில் இருந்த சித்திகுர், கொரிய வீரர் ஒருவரிடம் ஒரே ஓர் அடியால் தோற்று இரண்டாமிடம் வந்தார்.

அன்று அவர் எவ்வளவு மனம் நொந்திருப்பார்! ஆனால் பெரிய சந்தையில் கிடைத்த அந்த இரண்டாமிடத்தின் புள்ளிகள் அவரது தரவரிசையைத் தூக்கிவிட்டன. அந்த ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் 112 வருடங்களுக்குப் பிறகு கோல்ப் சேர்க்கப்பட்டது. உலகத் தரவரிசையை அடிப்படையாக வைத்து 60 ஆண்களைத் தெரிவு செய்தார்கள். அந்தப் பட்டியலில் 56ஆவது பெயர் சித்திகுர் ரஹ்மான். விசேட அனுமதியில்லாமல், தன் தகுதியால் நேரடியாக ஒலிம்பிக்குக்குத் தெரிவான முதல் வங்காளதேசத்தவர் அவர்தான். தொடக்க விழாவில் நாட்டின் கொடியையும் அவரே ஏந்தி வந்தார்.

பதியாத கணக்கு

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2022 ஜூனில் சவூதி அரேபிய அரச முதலீட்டு நிதியின் பணத்தில் லிவ் கோல்ப் என்ற புதிய சுற்று ஆரம்பமானது. உலகின் முன்னணி வீரர்கள் பலர் பெருந்தொகைக்கு அங்கே போனார்கள். தங்கள் போட்டிகளுக்கும் தரவரிசைப் புள்ளி வேண்டும் என்று அந்தச் சுற்று விண்ணப்பித்தது. 2023 ஒக்டோபரில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வெளியிலிருந்து புதியவர்கள் உள்ளே வருவதற்கும் மோசமாக ஆடுபவர்கள் வெளியே போவதற்கும் போதிய வழி இல்லை என்பது சொல்லப்பட்ட முக்கிய காரணம். 2024இல் விண்ணப்பத்தை அவர்களே வாபஸ் பெற்று, 2025இல் மறுபடி விண்ணப்பித்தார்கள்.

இடைப்பட்ட காலத்தில் நடந்ததைக் கவனியுங்கள். 2023 டிசம்பரில் ஸ்பெயினின் ஜான் ராம் உலகில் மூன்றாமிடத்தில் இருந்தார். அந்த மாதமே லிவ் சுற்றில் சேர்ந்தார். அவர் ஆட்டத்தை மறந்துவிடவில்லை. பணமும் குறையவில்லை. ஆனால் அங்கே ஆடியது பதிவில் ஏறவில்லை, பழைய புள்ளிகளோ கிழமைக்குக் கிழமை கரைந்தன. 2025இல் அவர் முதல் ஐம்பதுக்கும் வெளியே நின்றார்.

நமது வியாபாரிகளில் எத்தனை பேர் இப்படி இருக்கிறோம்! கடையில் நல்ல ஓட்டம், ஆனால் எல்லாம் கைக்காசு. வங்கியில் சுழற்சி கிடையாது, ஒழுங்கான பில் புத்தகம் கிடையாது. என்றாவது லொறி எடுக்கவோ கடையைப் பெருப்பிக்கவோ போகும்போது அவர்கள் முதலில் பார்ப்பது 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையைத்தான். கிரிப் அறிக்கை என்று நாம் சொல்வது. இருபது வருடம் நாணயமாக வியாபாரம் செய்திருக்கலாம். பதிவில் இல்லையென்றால் அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நாம் நேற்றுக் கடை திறந்தவர்தான்.

நமது கொப்பிக்கு வருவோம்

இனி என் கதை. என் கடையில் கடனுக்குச் சரக்கெடுக்கும் சில்லறை வியாபாரிகள் நாற்பத்து மூன்று பேர். தோட்டக் கடைக்காரர்கள், தேத்தண்ணீர்க் கடைக்காரர்கள், பெட்டிக்கடை வைத்திருப்பவர்கள். வாப்பா காலத்திலிருந்து ஒரு பழக்கம்: வருடத்தில் கூடிய தொகைக்கு யார் சரக்கெடுக்கிறாரோ அவர்தான் முதல் வாடிக்கையாளர். அவருக்குக் கூடிய கடன், கூடிய தவணை, கதிரை, தேத்தண்ணீர் எல்லாம். அந்த வகையில் தோட்டத்துப் பக்கம் கடை வைத்திருந்த ஒரு முதியவர்தான் எங்கள் நம்பர் வன். இருபது வருடப் பழக்கம். அவர் கேட்டு நாங்கள் இல்லையென்று சொன்னதில்லை.

2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். 2022இல் டொலர் இல்லை, பெற்றோல் இல்லை, மாவும் பருப்பும் மாதத்துக்கு ஒரு விலை. கொழுந்து குறைந்தது. தோட்டத்து மக்கள் அவர் கடையில் எடுத்த கடன் திரும்பவில்லை. அவரும் எனக்குத் தரவில்லை. 2022 செப்டெம்பரில் கடையை மூடிவிட்டு மகளின் ஊருக்குப் போய்விட்டார். என் கொப்பியில் அவர் பெயரில் நின்ற தொகை ஆறு இலட்சத்து எண்பதாயிரம்.

காலம் செய்த கோலம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த இளைஞன் கோல்ப் கணக்கைச் சொன்ன இரவு, கடையைச் சாத்தியபின் பழைய கொப்பிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு பில்லுக்கும் புள்ளி போட்டேன். சொன்ன நாளில் காசு வந்தால் 10. இரண்டு கிழமைக்குள் வந்தால் 6. ஒரு மாதத்துக்குள் வந்தால் 3. அதற்குப் பிந்தினால் பூச்சியம். கடைசி மூன்று மாதப் பில்களுக்கு முழுப் பெறுமதி, அதற்கு முந்தியவற்றுக்குக் குறைத்துக் குறைத்து, இரண்டு வருடத்துக்கு அப்பால் ஒன்றுமில்லை. கூட்டி, பில்களின் எண்ணிக்கையால் வகுத்தேன். மாதம் ஒரு பில் கூட இல்லாதவருக்கு 24ஆல் வகுத்தேன். அதிகம் எடுப்பவருக்குக் கடைசி 52 பில்கள் மட்டும்.

2021 டிசம்பர் வரையான பில்களை வைத்துத்தான் இந்தக் கணக்கைப் போட்டேன். அதாவது, பெரிய நெருக்கடி வருவதற்கு முன்னால் என் கையிலேயே இருந்த விபரங்கள். நாற்பத்து மூன்று பேரில் எங்கள் நம்பர் வன் நின்ற இடம் முப்பத்தொன்று!

2020 நடுப்பகுதி வரை நாள் தவறாமல் தந்தவர்தான். அதன் பிறகு ஒரு கிழமை பிந்தினார், பிறகு இரண்டு கிழமை, பிறகு பாதி தந்து பாதி நிறுத்தினார். எல்லாம் என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. நான் பார்த்தது மொத்தத்தை மட்டும். அவரது பழைய வெற்றிக்கு நான் வயது வைக்கவில்லை. அவர் சிக்கலில் இருக்கிறார் என்று கொப்பி ஒன்றரை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அப்போதே கண்டிருந்தால் தொகையைக் குறைத்திருப்பேன். அதைவிட முக்கியம், அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து என்ன சங்கதி என்று கேட்டிருப்பேன். அவரும் அந்த அளவுக்குக் கடனில் மூழ்கியிருக்க மாட்டார்.

முதலிடத்தில் வந்தவர் யார் தெரியுமா? பாலத்தடியில் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா. கணவர் இல்லை. கிழமைக்கு நாலாயிரம், ஐயாயிரம் ரூபாவுக்குமேல் எடுக்க மாட்டார். சனிக்கிழமை பின்னேரம் காசு வந்துவிடும். நான் அவருக்குக் கதிரை போட்டதே கிடையாது. கூடுதலாக இரண்டு மூடை மாவு கடனுக்குக் கேட்டபோது ஒரு தடவை யோசிப்போம் என்று திருப்பி அனுப்பியதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கணக்குக்குத் தெரியாதது

வியாபார நண்பர்களே, எல்லாவற்றையும் எண்ணுக்குள் அடக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. கோல்ப் தரவரிசைக்கு டைகர் வூட்ஸின் முதுகு வலி தெரியாது. அவர் ஆடவில்லை என்பது மட்டுமே தெரியும். நமது கொப்பிக்கும் ஒருவர் ஏன் பிந்தினார் என்பது தெரியாது. வீட்டில் நோயா, தோட்டத்தில் வேலை இல்லையா, அல்லது வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாரா? அதைப் போய்க் கேட்டறிய வேண்டியது நாம்தான். கணக்கு யாரைப் பார்த்துக் கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்பதை மட்டும் காட்டும்.

செய்ய விரும்புபவர்களுக்குச் சில குறிப்புகள். முதலாவது, தொகையையும் நாணயத்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். இரண்டு பட்டியல் வைத்திருங்கள். இரண்டாவது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது பட்டியலைப் புதுப்பியுங்கள். யார் எத்தனையாவது என்பதைவிட, யார் ஐந்து இடம் இறங்கினார் என்பதுதான் முக்கியம். மூன்றாவது, புதிதாக வந்தவர் இரண்டு தடவை ஒழுங்காகத் தந்ததும் மயங்கிவிடாதீர்கள். போதிய பில் சேரட்டும். நான்காவது, பட்டியலை யாருக்கும் காட்டாதீர்கள். அது உலகத் தரவரிசை அல்ல, ஒருவருடைய மானம் சம்பந்தப்பட்டது. ஐந்தாவது, உங்களுக்குச் சரக்குத் தரும் மொத்த வியாபாரியின் கொப்பியில் நீங்கள் எத்தனையாவது என்பதையும் யோசித்துப் பாருங்கள். நான் யோசித்தேன். கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இப்போது செக்குகளை நாளுக்கே மாற்றக்கூடிய மாதிரிப் பார்த்துக்கொள்கிறேன்.

அந்த அக்காவுக்கு மறு கிழமையே இரண்டு மூடை மாவு கடனுக்குக் கொடுத்தேன். நானே கேட்டுக் கொடுத்தேன். இப்போது அவர் கடைக்குப் பின்னால் சிறியதொரு களஞ்சியம் போட்டிருக்கிறார்.

2024 தொடக்கத்தில் முதியவர் திரும்பி வந்தார். மகனும் கூட வந்திருந்தார். கடையை மறுபடி திறக்கப் போவதாகவும் பழைய பாக்கியை மாதாமாதம் கட்டுவதாகவும் சொன்னார். பழைய நான் என்றால் ஒன்றில் முகத்தைத் திருப்பியிருப்பேன், இல்லையென்றால் இருபது வருடப் பழக்கத்துக்காகப் பழையபடி அள்ளிக் கொடுத்திருப்பேன். இரண்டையும் செய்யவில்லை. கதிரை போட்டு, தேத்தண்ணீர் கொடுத்து, "பதினையாயிரத்துக்கு எடுங்க நானா, அதுக்குமேல இப்ப வேணாம். அது வந்ததும் அடுத்ததைப் பார்ப்போம்" என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் எடுத்துக்கொண்டு போனார்.

முதல் பில் சொன்ன நாளில் வந்தது. இரண்டாவதும் வந்தது. பழைய பாக்கியில் பாதிக்கு மேல் இப்போது தீர்ந்துவிட்டது. தொகையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு வருகிறேன். பழைய பிந்தல்கள் எல்லாம் இரண்டு வருடம் தாண்டிக் கணக்கிலிருந்து கழன்றுவிட்டன. கடைசியாகப் போட்ட பட்டியலில் அவர் ஒன்பதாமிடத்தில் இருக்கிறார். அவரிடம் இதைச் சொல்லவில்லை. அடுத்த தடவை வரும்போது தவணையை ஒரு கிழமை கூட்டிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.